பெயரைப் போட்டால் போதுமா?

"எழுதினவர் பெயரைப் போட்டுட்டேன், காசும் வாங்கல. அப்புறம் என்ன சிக்கல்?" பயிற்றி தயாரிக்கும் ஆசிரியர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. பெயரைக் குறிப்பிடத்தான் வேண்டும். ஆனால், அது அனுமதி ஆகிவிடாது.

மலேசியாவின் 1987ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டம் நமக்குக் கதவைச் சாத்திவிடவில்லை. பாடத்தை விளக்குவதற்காக ஒரு படைப்பை நியாயமான அளவில், தலைப்பும் படைத்தவர் பெயரும் சொல்லி எடுத்தாள இடமுண்டு. சோதனைக்கு வினா அமைப்பதும் விடை எழுதுவதும் தனி விலக்காகவே இருக்கின்றன. ஆக, கருத்துணர்தல் கேள்விக்காகச் சிறுகதையில் இரண்டு பத்தி எடுத்ததற்கு நீங்கள் பயப்பட வேண்டாம்.

நியாயமான அளவு என்றால் எத்தனை பக்கம்? அப்படியொரு எண் கிடையாது. நான்கு விஷயங்களைப் பார்க்க வேண்டும்: நோக்கம் வணிகமா கல்வியா, படைப்பின் தன்மை என்ன, எடுத்தது எவ்வளவு, அதனால் படைப்பின் விற்பனை பாதிக்குமா.

கடைசிக் கேள்வியைத்தான் நாம் மறந்துவிடுகிறோம். எஸ்.பி.எம். தமிழ் இலக்கிய நாவலை ஒருவர் முழுசா ஸ்கேன் செய்து புலனக் குழுவில் போடுகிறார். தன் வகுப்புப் பிள்ளைகளுக்கு உதவி என்றுதான் நினைக்கிறார். அந்தக் கோப்பு அடுத்த மாநிலத்துக்குப் போக ஒரு நாள் போதும். நம் நாட்டுத் தமிழ் எழுத்தாளருக்கு வாசகர் வட்டமே சின்னது. பாட நூலாகத் தேர்வாகும் காலத்தில்தான் நாலு பிரதி கூடுதலாக விற்கும். அதுவும் போனால் அடுத்த நூலை எந்தத் தைரியத்தில் அச்சுக்குக் கொடுப்பார்? கடையில் வாங்கிய பயிற்சி நூலை முழுதாக நகலெடுத்துக் கொடுப்பதும் இதே கணக்குதான்.

பழைய நூல் என்றால்? இங்கே படைத்தவர் மறைந்த பிறகும் 50 ஆண்டுகள் உரிமை நீடிக்கும். திருக்குறள் எல்லாருக்கும் பொது. உரை அப்படியல்ல. மு. வரதராசனார் 1974இல் மறைந்தார். அவர் உரைக்கு இங்கே 2024இல் காலம் முடிந்தது. இன்று வாழும் ஒருவரின் உரையை அப்படியே ஒட்டினால் கதை வேறு. கண்ணதாசன் 1981இல் மறைந்தவர்; அவர் வரிகளுக்கு 2031வரை உரிமை உண்டு. திரைப்பாடலில் மெட்டுக்கும் ஒலிப்பதிவுக்கும் தனித்தனி உரிமை வேறு. வகுப்பில் ஒரு பாடலை விளக்குவது ஒன்று, அதே பாடலைச் சேர்த்த காணொளியை யூடியூபில் ஏற்றுவது இன்னொன்று.

இணையப் படத்தில் உரிமைக் குறி இல்லாததால் அது இலவசம் ஆகிவிடாது. பதிவு செய்யாமலே உரிமை உண்டு.

மாணவர்களே, கருத்துக்குப் பதிப்புரிமை இல்லை, அதைச் சொன்ன விதத்துக்குத்தான். மாதிரிக் கட்டுரையைப் படிங்க, மூடி வைங்க, பிறகு உங்க சொல்லில் எழுதுங்க.

அளவு கூடுதலாகத் தேவைப்பட்டால் கேட்டுவிடுங்கள். நம் எழுத்தாளர்கள் பலர் முகநூலிலேயே இருக்கிறார்கள். எந்தப் படைப்பு, எத்தனை பக்கம், எத்தனை மாணவர், எவ்வளவு காலம் என நாலு வரி எழுதினால் போதும். உரிமை பதிப்பகத்திடம் இருந்தால் அதையும் அவரே சொல்வார். வந்த பதிலைப் பத்திரமாகச் சேமித்து வையுங்கள்.