டயாலிசிஸ்: 12 மணி நேரம் இயந்திரம், 156 மணி நேரம் வீடு

உவர் நிலத்தில் பாத்தி கட்டி நல்ல தண்ணீரைத் தேக்கினால் உப்பு கரையும். அதை வடிகால் வழியே வெளியேற்றினால் நிலம் சீராகும். இது விவசாயிகள் அறிந்த முறைதான். சிறுநீரகம் செயலிழந்தவர்களுக்குச் செய்யப்படும் டயாலிசிஸ் சிகிச்சையும் ஏறக்குறைய இத்தகையதே.

எப்படி நடக்கிறது?

நோயாளியின் கையில் ஒரு தமனியையும் ஒரு சிரையையும் சிறிய அறுவை மூலம் இணைப்பார்கள். இதற்கு 'பிஸ்டுலா' என்று பெயர். இதில் இரண்டு ஊசிகளைச் செருகி, ஒன்றின் வழியே இரத்தத்தை எடுத்து இயந்திரத்தின் வடிகட்டிக்கு அனுப்புவார்கள். அங்கு மயிரிழை போன்ற ஆயிரக்கணக்கான நுண்குழாய்களின் உள்ளே இரத்தம் ஓடும். வெளியே, எதிர்த்திசையில், அளவோடு உப்புகள் கலந்த சுத்தமான நீர் ஓடும். யூரியா போன்ற கழிவுகளும் மிகுதியான பொட்டாசியமும் குழாய்ச் சுவரின் நுண்துளைகள் வழியே நீருக்குள் கசிந்துவிடும். இரத்த அணுக்கள் அளவில் பெரியவை என்பதால் உள்ளேயே தங்கும். உடலில் தேங்கிய நீரும் இறக்கப்படும். சுத்தமான இரத்தம் மற்றொரு ஊசி வழியே உடலுக்குத் திரும்பும். ஒரு முறைக்குச் சுமார் 4 மணி நேரமும் 120 லிட்டர் நீரும் தேவை. பொதுவாக வாரம் 3 முறை செய்யப்படுகிறது.

வீட்டில் கவனிக்க வேண்டியவை

வாரத்துக்கு 168 மணி நேரம். இயந்திரம் உழைப்பது 12 மணி நேரமே. மீதி 156 மணி நேரமும் கவனம் வீட்டாரிடம்தான் இருக்கிறது.

தோப்பு வைத்திருப்பவர்கள் நோயாளிக்குத் தெம்பு தரும் என்று இளநீர் வெட்டிக் கொடுப்பதுண்டு. இது ஆபத்து. இளநீரிலும் வாழைப்பழத்திலும் பொட்டாசியம் அதிகம். அது வெளியேற வழியின்றி இரத்தத்தில் மிகுந்தால் இதயத் துடிப்பே நின்றுவிடலாம். மரவள்ளிக் கிழங்கையும் மருத்துவரைக் கேட்ட பிறகே கொடுக்க வேண்டும். குடிநீரையும் அவர் சொன்ன அளவே தர வேண்டும்.

பிஸ்டுலா உள்ள கையில் சுமை தூக்குதல், ஊசி போடுதல், இரத்த அழுத்தம் பார்த்தல் கூடாது. அதில் தினமும் விரல் வைத்துப் பார்க்க வேண்டும். அதிர்வு நின்றிருந்தால் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். அறுவடை, விசேஷம் என்று ஒரு முறையைக்கூடத் தள்ளிப்போடக் கூடாது.

முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் டயாலிசிஸுக்கு இடமுண்டு. சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் விவரம் கேட்கலாம்.

வருமுன் காக்க

சர்க்கரை நோயும் இரத்தக் கொதிப்பும் சிறுநீரகத்தைக் கெடுக்கும் முக்கியக் காரணங்கள். இவை உள்ளவர்கள் ஆண்டுதோறும் இரத்தமும் சிறுநீரும் சோதித்துக்கொள்வது அவசியம். உடல்வலிக்குக் கடையில் மாத்திரை வாங்கி அடிக்கடி விழுங்கும் பழக்கத்தை விட வேண்டும். சிறுநீரகம் நலமாக உள்ளவர்கள் வெயிலில் வேலை செய்யும்போது வரப்பில் தண்ணீர்க் குடம் இருக்கட்டும்.