பாரந்தூக்கியும் பாதுகாப்பும்

கம்பம் பள்ளத்தாக்கின் கோடியில், குமுளி மலைப்பாதையின் அடிவாரத்தில் அமைந்துள்ளது லோயர் கேம்ப் என்னும் சிற்றூர். 1895-ஆம் ஆண்டில் திறக்கப்பெற்ற பெரியாற்றணையின் நீர், மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே கிழக்கே திரும்பிப் பெரும் இரும்புக் குழாய்களில் இறங்கி, இவ்வூர் மின்னிலையத்தின் டர்பைன்களைச் சுழற்றுகின்றது. 1958-ஆம் ஆண்டு முதல் இங்கு மின்சாரம் பிறந்து வருகின்றது. அணையின் பெருமையை எடுத்துரைத்தோர் பலர். ஆயினும், மின்னிலையங்களில் உள்ள பெருங்கனம் வாய்ந்த இயந்திரங்களைத் தத்தம் இடத்தில் இறக்கி வைப்பதும், பழுதுற்ற காலத்து வெளியே எடுப்பதும் எங்ஙனம் என்று வினவுவோர் சிலரே. அதனைச் சிறிது விளக்குவதே நம் நோக்கம்.

மின்னிலையங்களிலும், இரும்புத் தகடுகளை வளைத்துப் பற்றவைத்துப் பெருங்குழாய்கள் செய்யும் தொழிற்கூடங்களிலும் இப்பணியை ஆற்றுவது தலைக்குமேல் ஓடும் கிரேன் எனப்படும் பாரந்தூக்கியாகும். கூடத்தின் இரு பக்கத்துத் தூண்களின் மேலும் தண்டவாளங்கள் நீளப் போடப்பட்டிருக்கும். அவ்விரண்டையும் இணைக்கும் பாலம் போன்ற உத்தரம் சக்கரங்களின்மேல் முன்னும் பின்னும் நகரும். உத்தரத்தின்மேல் ஒரு சிறு வண்டி இடமும் வலமும் ஓடும். அவ்வண்டியிலிருந்து கம்பிவடத்தில் தொங்கும் கொக்கி மேலும் கீழும் இயங்கும். இம்மூன்று இயக்கங்களும் கூடுதலால், தண்டவாளங்களுக்கு இடைப்பட்ட தரையில் ஏறத்தாழ எவ்விடத்துக்கும் பளுவைக் கொண்டுசெல்லக் கூடும்.

இதன் தடையமைப்பு வியக்கத்தக்கது. தடையை இறுக்கிப் பிடிப்பது சுருள்வில். அதனைத் தளர்த்துவதே மின்சாரம். ஆகவே, மின்சாரம் திடீரென நின்றுபோயின் தடை தானே இறுகிப் பளுவை அந்தரத்தில் நிறுத்திவிடும். கொக்கி அளவுக்கு மேல் ஏறாதபடி லிமிட் சுவிட்சு என்னும் காவலும் உண்டு.

இத்துணைக் காவல்கள் இருந்தும் விபத்து நேர்வது ஏன்? கொக்கிக்குக் கீழே பளுவைக் கட்டும் முறையில் காவல் புரிவது மனிதனின் அறிவு ஒன்றே. இதனை ஒரு கணக்கால் விளக்குவோம். 10 டன் பளுவை இரண்டு கம்பிவடங்களால் சமமாகக் கட்டி ஒரே கொக்கியில் மாட்டுவதாகக் கொள்க. வடங்கள் ஏறத்தாழ நேர்குத்தாக நின்றால் ஒவ்வொன்றும் 5 டன் இழுப்பைத் தாங்கும். தரைமட்டத்துக்கு 45 பாகையாகச் சாயின் அவ்விழுப்பு 7 டன்னைச் சற்றுக் கடக்கும். 30 பாகையாகத் தாழின் ஒவ்வொரு வடமும் முழுமையாக 10 டன் இழுப்புக்கு உட்படும். பளு குன்றிமணியளவும் கூடவில்லை. கட்டிய கோணமே இழுப்பை இரட்டித்துவிட்டது. மயிலிறகு ஏற்றிய வண்டியை எடுத்துக்காட்டி வலியறிதலை வற்புறுத்திய வள்ளுவர் கருத்து ஈண்டு நினைக்கத்தக்கது.

பளுவின் எடையையும் பாரந்தூக்கியில் எழுதப்பட்டுள்ள தாங்கும் அளவையும் ஒப்பிட்டறிதல் முதற்கடமை. கொக்கி பளுவின் ஈர்ப்பு மையத்துக்கு நேர்மேலாக நிற்றல் வேண்டும். சாய்வாக இழுத்தால் பளு ஊசலாடி அருகில் நிற்போரை மோதும். கூரிய விளிம்புகள் வடத்தை அறுக்காதபடி மெத்தை வைத்தல் வேண்டும். தரையினின்று சில அங்குலம் தூக்கி, நிறுத்தி, தடையும் கட்டும் உறுதியாய் உள்ளனவா எனச் சோதித்த பின்னரே மேலே ஏற்றுதல் தகும்.

மின்னிலையத்தில் யாவற்றினும் அரிய செயல் ஜெனரேட்டரின் சுழலும் பாகமாகிய ரோட்டரை இறக்குதலாம். பொதுவாக இயந்திரக் கூடத்தில் அதுவே மிகக் கனமான பளு. எனினும் அதற்கும் சுற்றியுள்ள நிலைப்பாகத்துக்கும் இடைவெளி ஏறத்தாழ விரற்கடை அளவே. பணியாளர் சுற்றிலும் நின்று மெல்லிய மரச்சட்டங்களை அவ்விடைவெளியில் மேலும் கீழும் அசைத்துக்கொண்டே இருப்பர். ஒருவர் சட்டம் இறுகிப் பிடித்தால் உடனே குரல் எழுப்புவார், இறக்கம் நிற்கும், நிலை திருத்தப்பெறும்.

1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம், தன் 29-ஆம் பிரிவில், பாரந்தூக்கிகளையும் சங்கிலி, கயிறு முதலிய கருவிகளையும் தகுதியுடையோர் 12 மாதத்துக்கு ஒரு முறையேனும் முற்றும் சோதித்தல் வேண்டுமென விதித்தது. சோதனையில் தேறிய கருவியாயினும், தொங்கும் பளுவின்கீழ் எவரும் நிற்றலும் நடத்தலும் ஆகா.

இயக்குவோர்க்குச் சைகை காட்டும் உரிமை ஒருவர்க்கே உரியது. இருவர் காட்டின் குழப்பம் விளையும். ஆயின் 'நிறுத்து' என்னும் சைகைக்கு இவ்வரையறை இல்லை. அதனைக் கூடத்தில் கடைநிலையில் பணிபுரியும் சிறுவயது உதவியாளர் காட்டினும் பாரந்தூக்கி அக்கணமே நிற்றல் வேண்டும். நம் கல்லூரியினின்று வெளிச்சென்று நாளை தொழிற்கூடங்களை மேற்பார்க்கும் நண்பர்கள் இவ்வொரு விதியை மனத்திற் பதித்தல் நன்று. வேலை தாமதித்ததே என்று அவ்வுதவியாளரை ஒரு முறை கடிந்துகொண்டால், அடுத்த முறை அவர் வாய் திறவார்.