முதலில் எது?

"அவள் அக்காள் வீட்டிற்குச் சென்றாள்."

மாணவர்களே, இத்தொடரை இருமுறை படித்துப் பாருங்கள். 'அவள்' என்னும் சொல்லுக்குப் பின் சற்று நிறுத்தினால், அவள் தன் அக்காளின் வீட்டிற்குச் சென்றாள் என்று பொருள்படும். 'அவள் அக்காள்' என்று சேர்த்துப் படித்து, அதன்பின் நிறுத்தினால், வீட்டிற்குச் சென்றவள் அவளுடைய அக்காள் ஆவாள். சொற்கள் மாறவில்லை, எவற்றைச் சேர்த்துப் படிக்கிறோம் என்பதே மாறியது. கணக்கிலும் இத்தகைய குழப்பம் நேர்வதுண்டு.

தில்லியில் வாழும் சிறுமி ஒருத்தி கடைக்குச் சென்றாள். 30 ரூபாய்க்கு ஒரு தேங்காயும், டஜன் 50 ரூபாய் வீதம் 3 டஜன் வாழைப்பழமும் வாங்கினாள். கொடுக்க வேண்டிய தொகையை 30 + 3 × 50 என்று எழுதினாள். இடப்புறத்திலிருந்து வரிசையாகக் கணக்கிட்டாள். 30உடன் 3ஐக் கூட்டி, 50ஆல் பெருக்கியபோது 1650 என்று வந்தது. அவள் திகைத்தாள். கடைக்காரர் கேட்டதோ 180 ரூபாய்தான்.

பிழை எங்கே நேர்ந்தது? 30 என்பது ரூபாய். 3 என்பது டஜன். இவ்விரண்டையும் கூட்டுதல் பொருந்தாது. பெருக்கல் என்பது தொடர் கூட்டலின் சுருக்கம். 3 × 50 என்பது 50 + 50 + 50 ஆகும். எனவே, பழத்தின் விலையாகிய 150ஐ முதலில் கண்டு, பின்னர் 30ஐக் கூட்ட வேண்டும்.

மூன்று வீடுகளுக்கும் தனித்தனியே ஒரு தேங்காயும் ஒரு டஜன் பழமும் வாங்கினால் என் செய்வது? அப்போது கூட்டலே முதலில் நிகழ வேண்டும். அதனை உணர்த்தவே அடைப்புக்குறி இடுகிறோம்: (30 + 50) × 3 = 240.

நினைவிற்கொள்க

1. அடைப்புக்குறிக்குள் உள்ளதை முதலில் கணக்கிடுக.
2. அடுத்து, பெருக்கலையும் வகுத்தலையும் இடமிருந்து வலமாகச் செய்க.
3. இறுதியாக, கூட்டலையும் கழித்தலையும் இடமிருந்து வலமாகச் செய்க.

இம்முறையைப் 'போட்மாஸ்' என்னும் சொல்லால் நினைவிற்கொள்வோர் பலர். அச்சொல்லில் கூட்டல் முன்னும் கழித்தல் பின்னும் வருவதால், கூட்டலையே முதலில் செய்ய வேண்டும் என்று கருதுதல் தவறு. இரண்டும் சம நிலையின. 20 − 8 + 5 என்பதன் விடை 17. 8ஐயும் 5ஐயும் முதலில் கூட்டினால் 7 என்னும் பிழையான விடையே கிடைக்கும்.

இவ்வொழுங்கு, எழுதுவோரும் படிப்போரும் ஒரே பொருள் கொள்வதற்காக மனிதர் செய்துகொண்ட உடன்பாடு. தமிழ் பேசும் சிறுமி எழுதியதை இந்தி பேசும் கடைக்காரர் கணக்கிட்டாலும் விடை ஒன்றாகவே இருக்கும்.

அருஞ்சொற்பொருள்

வீதம் – விகிதம்
திகைத்தாள் – செய்வதறியாது நின்றாள்
உடன்பாடு – ஒப்பந்தம்

பயிற்சி

1. விடை காண்க: 24 ÷ 4 × 2, 18 − 6 + 4, (7 + 5) × 3.
2. 6 + 4 × 5 − 2 என்பதில் ஓர் அடைப்புக்குறி இட்டு, 48 விடையாக வருமாறு செய்க.
3. பாடத்தின் முதல் தொடரில் காற்புள்ளியை இடம் மாற்றி இட்டு, இரு பொருள் தருமாறு எழுதுக.