ரத்தத்துல நம்பர் ஏறிடுச்சு, நுரையீரல் என்ன ஆச்சு?

இன்னைக்கு ஒரு நம்பரைப் பத்திப் பேசலாம்: 11. ஒரு பரம்பரை நோய்க்கு வந்த மருந்துகளை கிட்டத்தட்ட 40 வருஷமா இந்த நம்பரை வெச்சுதான் அளந்துட்டு வர்றாங்க. டாஷ்போர்டுல எல்லாம் பச்சையா இருக்கும், ஆனா யூசருக்கு ஆப் ஓடாது. ஐ.டி.ல இருக்கறவங்களுக்கு இந்த வயித்தெரிச்சல் தெரியும். அதே சிக்கல் மருத்துவ ஆராய்ச்சியில வந்தா என்ன ஆகும்கறதுதான் இந்த எபிசோட்.

நோயோட பேர் ஆல்ஃபா-1 ஆன்டிட்ரிப்சின் குறைபாடு. சுருக்கமா ஆல்ஃபா-1. வட ஐரோப்பிய வம்சாவளி மக்கள்கிட்டதான் அதிகம், நம்ம ஊர்ல ரொம்ப அபூர்வம். ஸ்வீடன்ல 1972-லேர்ந்து 1974 வரைக்கும் 2 லட்சம் பச்சிளங் குழந்தைகளைப் பரிசோதிச்சாங்க. அதுல 120 பேருக்கும் மேல இதோட கடுமையான வகை இருந்துச்சு.

உடம்புல என்ன நடக்குதுன்னா: கிருமி வந்தா வெள்ளை அணுக்கள் எலாஸ்டேஸ்னு ஒரு என்சைமை வெளியிடும். அது கிருமியோட நிக்காது, விட்டா நுரையீரல் சுவரையும் சேர்த்து அரிச்சிடும். அதுக்கு பிரேக் போடற புரதம்தான் ஆல்ஃபா-1 ஆன்டிட்ரிப்சின். இது பெரும்பாலும் கல்லீரல்ல தயாராகி, ரத்தம் வழியா நுரையீரலுக்குப் போகுது. 394 அமினோ அமிலம் கோத்த சங்கிலி. 342-ஆவது இடத்துல ஒண்ணு மட்டும் மாறிட்டா புரதம் சரியா மடியாது, ஒண்ணோட ஒண்ணு கொக்கி போட்டுக்கிட்டு கல்லீரல் செல்லுக்குள்ளயே தேங்கிடும். இதுதான் இசட் வகை. அப்பா, அம்மா ரெண்டு பேர்கிட்டேர்ந்தும் இது வந்திருந்தா ரத்தத்துல வழக்கமான அளவுல 10, 15 சதவீதம்தான் இருக்கும்.

ஆக, குடோன்ல சரக்கு குவிஞ்சு சுவரு விரிசல் விடுது, கடையில சரக்கே இல்ல. கல்லீரல்ல தழும்பு, நுரையீரல்ல எம்ஃபிசிமா. சிகரெட் பிடிச்சா நுரையீரல் இன்னும் பல வருஷம் முன்னாடியே போயிடும். அதே சமயம், பாதிப்பே பெருசா இல்லாம வாழ்றவங்களும் உண்டு.

1963-ல ஸ்வீடன்ல கார்ல்-பெர்ட்டில் லாரெல், ஸ்டென் எரிக்சன் ரெண்டு பேரும் இதைக் கண்டுபிடிச்சாங்க. சுமார் 1,500 ரத்த மாதிரிகளோட புரதப் பட்டைகளைப் பார்த்ததுல 5 பேருக்கு மட்டும் ஒரு பட்டை காணோம். இருக்கறதைப் பார்க்கறது ஈஸி, இல்லாததைக் கவனிக்கறதுக்குத் தனிக் கண்ணு வேணும்.

சிகிச்சைக்கு வருவோம். புரதம் குறைவா, வெளியிலேர்ந்து ஏத்து! தானம் கிடைச்ச ரத்தப் பிளாஸ்மாவுலேர்ந்து புரதத்தைப் பிரிச்சு, வாரம் ஒருதடவை, உடல் எடையில கிலோவுக்கு 60 மில்லிகிராம்னு டிரிப்ஸ். 1987-ல வெளியான அமெரிக்க ஆய்வுல 21 நோயாளிகள். அதே வருஷக் கடைசியில எஃப்.டி.ஏ. அனுமதியும் கிடைச்சுது.

அந்த ஆய்வு காட்டினது என்ன? ரத்தத்துல அளவு 11 மைக்ரோமோலாருக்கு மேல நிக்குதுங்கறதும், நுரையீரலுக்குள்ள புரதம் போய்ச் சேருதுங்கறதும்தான். எம்ஃபிசிமா நின்னுச்சா, ஆள் அதிக நாள் வாழ்ந்தாரா? அது அளக்கப்படல. இந்த 11 வானத்துலேர்ந்து குதிக்கல. ஓரளவு குறைபாடு மட்டும் இருக்கறவங்களைக் கவனிச்சதுல, இந்த அளவுக்கு மேல இருந்தவங்களுக்கு எம்ஃபிசிமா ஆபத்து பெருசா கூடல. அங்கேர்ந்து போட்ட கோடு இது.

ஏன் நேரடியா நுரையீரலை அளக்கல? நோயாளிகள் குறைவு, நோய் ரொம்ப மெதுவா நகருது. ஒரு செகண்ட்ல எவ்வளவு காத்தை வெளிய ஊத முடியுதுங்கற டெஸ்ட்ல வித்தியாசம் தெரியணும்னா நூத்துக்கணக்கான பேரை வருஷக்கணக்கா பின்தொடரணும். அதனால அமெரிக்காவுல ரேண்டமா பிரிக்கற ட்ரயலுக்குப் பதிலா 1,129 பேரோட ஒரு பதிவேடு தொடங்கினாங்க. மருந்து எடுத்தவங்க கம்மியா இறந்தாங்கன்னு அது காட்டுச்சு. ஆனா மருந்து விலை அதிகம். அதை வாங்க முடிஞ்சவருக்கு மத்த வைத்தியமும் நல்லாக் கிடைச்சிருக்கும்ல? எது எதால நடந்துச்சுன்னு பிரிக்க முடியாது.

2015-ல வந்ததுதான் ரேபிட்ங்கற ஆய்வு. 13 நாடுகள், 180 பேர், 2 வருஷம். 93 பேருக்கு மருந்து, 87 பேருக்கு ப்ளசீபோ, அதாவது மருந்தே இல்லாத டிரிப்ஸ். இந்தத் தடவை சி.டி. ஸ்கேன்ல நுரையீரல் அடர்த்தியை அளந்தாங்க. மூச்சை முழுசா இழுத்த நிலையில, ப்ளசீபோ பக்கம் வருஷத்துக்கு லிட்டருக்கு 2.19 கிராம் குறைஞ்சுது, மருந்து பக்கம் 1.45 கிராம். இழப்புல மூணுல ஒரு பங்கு மிச்சம். நேர்மையா முழுசையும் சொல்லிடறேன்: மூச்சை விட்ட நிலை ஸ்கேனையும் சேர்த்துப் பார்த்தா, வித்தியாசம் புள்ளியியல் கோட்டைத் தாண்டல. காத்து ஊதற டெஸ்ட்லயும் வித்தியாசம் இல்ல.

என்னை உலுக்கினது அதுக்கு அடுத்த பகுதி. ஆய்வு முடிஞ்சதும் ப்ளசீபோ பக்கம் இருந்தவங்கள்ல பலருக்கு நிஜ மருந்து கிடைச்சுது. இழப்போட வேகம் குறைஞ்சுது. ஆனா அந்த 2 வருஷத்துல போன நுரையீரல் திரும்பி வரல. முதல்லேர்ந்தே மருந்து எடுத்தவங்களை அவங்களால எட்டிப் பிடிக்க முடியல. இந்த மருந்து வேலை செய்யுதான்னு நமக்குத் தெரியறதுக்காக அவங்க குடுத்த விலை அது. "முறையா ட்ரயல் வைங்கப்பா"ன்னு நாம சுலபமா சொல்லிடறோம், நானும்தான்.

இதுவரைக்கும் பேசினதெல்லாம் கடை. குடோன் அப்படியேதான் இருக்கு. டிரிப்ஸ்ல ஏத்தற புரதம் கல்லீரலுக்கு ஒண்ணும் பண்ணாது. அதுக்கு ஃபாசிசிரான்னு ஒரு மருந்து ஆய்வுல இருக்கு. கோணல் புரதம் உருவாக உத்தரவு கொண்டுபோற ஆர்.என்.ஏ.வையே இது வெட்டிடும். 2022-ல வந்த ஆய்வுல 16 பேர். கல்லீரல்ல தேங்கின புரதம் 83 சதவீதம் குறைஞ்சுது, 15 பேர்ல 7 பேருக்குத் தழும்பும் குறைஞ்சுது. அட்டகாசம்! ஆனா அந்த ஆய்வுல ப்ளசீபோ குழு இல்ல. பின்னாடி ப்ளசீபோவோட நடந்த இன்னொரு சின்ன ஆய்வுல, மருந்து எடுக்காதவங்கள்லயும் சிலருக்குத் தழும்பு குறைஞ்சிருந்துச்சு. பயாப்ஸிங்கறது ஊசி முனையில எடுக்கற ஒரு துணுக்கு. எந்த இடத்துல குத்தினாங்கங்கறதைப் பொறுத்தே ரிசல்ட் மாறலாம். இப்போ பெரிய ஆய்வு நடந்துட்டு இருக்கு. இது ஜெயிச்சாலும் நுரையீரலுக்கு உதவாது, உற்பத்தியையே நிறுத்தற மருந்து ஆச்சே.

ரெண்டையும் சேர்த்துப் பிடிக்கணும்னா எழுத்துப்பிழையைத் திருத்தணும். டி.என்.ஏ.வுல ஒரே ஒரு எழுத்து தப்பு. வேவ் நிறுவனம் ஆர்.என்.ஏ.வுல திருத்துது. ரன்டைம்ல பேட்ச் போடற மாதிரி, திரும்பத் திரும்பப் போடணும். 2024 அக்டோபர்ல 2 பேரோட ரிசல்ட் வந்துச்சு: ரத்தத்துல புரதம் சராசரி 10.8. பீம் நிறுவனம் டி.என்.ஏ.வையே திருத்துது, சோர்ஸ் கோடுலயே கை வைக்கறது. 2025 மார்ச்ல, 60 மில்லிகிராம் ஒரே டோஸ் எடுத்தவங்களுக்கு 28-ஆவது நாள்ல சராசரி 12.4.

பார்த்தீங்களா, மறுபடியும் அதே 11தான் கோடு. ஆனா இந்த 11-உம் அந்த 11-உம் ஒண்ணு இல்ல. டிரிப்ஸ்ல வர்ற புரதம் அடுத்த வாரம் வரைக்கும் கரைஞ்சுக்கிட்டே போகும். திருத்தின ஜீன்லேர்ந்து வர்ற புரதம் காய்ச்சல், தொற்று வந்தா தானா கூடும். ஆரோக்கியமான உடம்புல அப்படித்தான். நுரையீரலுக்கு பிரேக் அதிகமா தேவைப்படறதும் அந்த நேரத்துலதான். இன்னொரு பக்கம், மொத்தக் கணக்குல மிச்சமிருக்கற கோணல் புரதமும் சேரும். அது பிரேக் போடறதுல மட்டம். அதனால மொத்த நம்பரை மட்டும் பார்க்காம, அதுல நல்ல புரதம் எவ்வளவுன்னு தனியா கேக்கணும். வேவ் ஆய்வுல அது 60 சதவீதத்துக்கும் மேல இருந்துச்சு.

சி.டி. அடர்த்தியில வித்தியாசம் காட்ட ரேபிட்டுக்கு 2 வருஷமும் 180 பேரும் தேவைப்பட்டாங்க. ஜீன் எடிட்டிங்குக்கு ப்ளசீபோ குழு வெச்சா, அதுல யார் உக்காருவாங்க, எத்தனை வருஷம்? வைக்கலைன்னா, மறுபடியும் ரத்தத்துல இருக்கற நம்பரை நம்பித்தான் அனுமதி குடுக்கணும். டிரிப்ஸை வேணாம்னா நிறுத்திக்கலாம், டி.என்.ஏ. திருத்தத்தை ரோல்பேக் பண்ண முடியாது. அதனாலதான் ஜீன் எடிட்டிங் எடுத்தவங்களை 15 வருஷம் வரைக்கும் பின்தொடரச் சொல்லி எஃப்.டி.ஏ. பரிந்துரைக்குது. 2025-ல ரிசல்ட்ல இருந்தவங்களோட முழுக் கணக்கு வர 2040 ஆகிடும்.