பிறந்த மண்ணில் அந்நியர்

அம்பத்தூருக்கு வடகிழக்கே, புழல் ஏரிக்கு அண்மையிலுள்ள காவாங்கரையில், இலங்கையிலிருந்து உயிர் தப்பி வந்த தமிழ் மக்களின் முகாம் ஒன்று இருக்கிறது. 1983-ம் வருஷம் ஜூலைக் கலவரத்துக்குப் பின் இவ்வாறு கடல் கடந்து வரத் தொடங்கியோருக்குத் தற்காலிகத் தங்குமிடமாகவே நமது ராஜ்யத்தில் முகாம்கள் ஏற்பட்டன. அந்தத் தற்காலிகம் நாற்பது வருஷங்களைத் தாண்டிவிட்டது.

2021-ல் தமிழக சர்க்கார் 'அகதிகள் முகாம்' என்ற பெயரை 'மறுவாழ்வு முகாம்' என மாற்றியதையும், புது வீடுகள் உட்பட 317 கோடி ரூபாய்க்குத் திட்டங்கள் அறிவித்ததையும் நாம் மனமார வரவேற்றோம். ஆயினும், கூரை மாறியதேயன்றிச் சட்டம் மாறவில்லை.

1987-ம் வருஷம் ஜூன் 30-ந் தேதி வரை இந்நாட்டில் பிறந்த குழந்தை, பிறப்பினாலேயே இந்தியப் பிரஜை. மறுநாள் முதல் பிறந்த குழந்தைக்கோ, பெற்றோரில் ஒருவராவது இந்தியப் பிரஜையாயிருத்தல் வேண்டும். ஆகவே ஒரே தாய் வயிற்றில், ஒரே முகாமில் பிறந்த அண்ணன் பிரஜை, தம்பி அந்நியன்! அந்த அண்ணனுடைய உரிமையேனும் எளிதில் கிட்டியதா? 1986-ல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண்மணி பாஸ்போர்ட்டுக்காக ஹைக்கோர்ட் வரை போக வேண்டியிருந்தது. அவர் இந்தியப் பிரஜையே என்று 2022-ல்தான் தீர்ப்பாயிற்று.

தம்பியின் கதியோ சொல்லுந்தரமன்று. காலேஜில் தேறிய வாலிபர் பலர், சர்க்கார் உத்தியோகத்துக்கு மனுச் செய்ய வழியின்றி, அன்றாடக் கூலிக்குச் சுவர்களில் வர்ணம் பூசச் செல்கின்றனர். தணிக்கை நாளில் அந்தக் கூலியையும் இழந்து, அதிகாரியின் முன் முகங்காட்டி நிற்க வேண்டும்.

இவர்களுள் மலையகத்தார் அநேகர். வெள்ளையராட்சியில் தேயிலைத் தோட்டங்களுக்காக இங்கிருந்தே கொண்டுபோகப்பட்டவர்களின் சந்ததியார் அவர்கள். அவ்வினத்தாரை 1948-ம் வருஷத்து இலங்கைச் சட்டம் நாடற்றவர்களாக்கிற்று. 1964-ல் சாஸ்திரி-சிறிமாவோ ஒப்பந்தத்தில் 5,25,000 பேரை ஏற்பதாக நாம் வாக்களித்தோம். நம்மவரின் பேரப்பிள்ளைகளை நாமே அந்நியர் என்பது என்ன நியாயம்?

2019-ம் வருஷத்துத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், வங்காள தேசம், ஆப்கானிஸ்தான் ஆகிய மூன்று தேசங்களிலிருந்து வந்தோருக்கு வழி திறந்தது, இலங்கையை மறந்தது. 2015 ஜனவரி 9-ந் தேதிக்குள் வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழருக்குப் பாஸ்போர்ட், விசா இல்லாக் குற்றத்துக்கான தண்டனையிலிருந்து 2025-ல் மத்திய சர்க்கார் விலக்களித்தது. நல்லதே, எனினும் தண்டனை நீங்குதல் உரிமையாகிவிடாது.

பிரஜா உரிமை வழங்கினால் இலங்கையில் தமிழர் கோரிக்கை தளர்ந்துவிடும் என்று அஞ்சும் நண்பர்களும் உளர். திரும்ப விரும்புவோர் தாராளமாகத் திரும்பட்டும். அதற்காக இங்கேயே பிறந்து மணம் முடித்துப் பிள்ளை பெற்றவர்களைப் பணயம் வைக்கலாமா?

இவர்களைச் 'சட்டவிரோதக் குடியேறிகள்' என்ற பட்டியலினின்று நீக்கி, பிரஜா உரிமைக்கு மனுச் செய்ய வழிசெய்யும் திருத்த மசோதாவைக் கட்சிபேதமின்றிக் கொண்டுவருமாறு தமிழ்நாட்டுப் பார்லிமெண்டு அங்கத்தினர்களை வற்புறுத்துகிறோம்.