உழைக்கும் கைக்கடிகாரம் எது?

பல்கலைக்கழகம் புகும் மகனுக்கு ஆயுள் முழுதும் உழைக்கும் கைக்கடிகாரமொன்றை வாங்க விரும்பினார் நண்பரொருவர். "கடன்பட்டேனும் விலையுயர்ந்த சுவிஸ் கடிகாரம் வாங்கிவிடட்டுமா?" என எம்மை வினவினார்.

உழைப்பு என்பதற்கு இங்கே இரு பொருள் உண்டு. அன்றாட அடியையும் அதிர்ச்சியையும் தாங்குவது ஒன்று; ஆண்டு பல கடந்தும் பழுதுபார்க்கத்தக்கதாய் இருப்பது மற்றொன்று. இவ்விரண்டும் ஒரே கடிகாரத்தில் நிறைவாக அமைதல் அரிது.

சாவி கொடுக்கும் கடிகாரத்தை இயக்குவது முறுக்கிய வில்லாகும். அதன் விசையால் சமநிலைச் சக்கரம் இடமும் வலமும் ஆடுகின்றது. இக்காலக் கடிகாரங்கள் பலவற்றில் இவ்வாட்டம் மணிக்கு 28,800 முறை நிகழும். அச்சக்கரத்தின் அச்சுமுனை மயிரிழை போன்று நுண்ணியது. அதிர்ச்சிதாங்கி இருப்பினும் பலத்த வீழ்ச்சி அதனை ஊறுபடுத்தலாம். காந்தம் அணுகினால் நேரம் பிறழும். எண்ணெய் உலர்ந்தால் சக்கரங்கள் தேயும். சில ஆண்டுகளுக்கொருமுறை கழற்றிச் சுத்தஞ்செய்தல் இன்றியமையாதது.

1969 டிசெம்பர் 25ஆம் நாள் யப்பானின் சீக்கோ நிறுவனம் 'அஸ்ட்ரோன்' என்னும் குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தை விற்பனைக்கு விடுத்தது. விலை 450,000 யென். அக்காலத்தில் அது சிறிய மோட்டார் காரொன்றின் விலை! இன்றோ அவ்வினக் கடிகாரம் எளியோர்க்கும் எட்டுகின்றது. அதனுள் இருக்கும் படிகத்துண்டு பொதுவாகச் செக்கனுக்கு 32,768 முறை அதிர்கின்றது. சாதாரண குவார்ட்ஸ் கடிகாரம் மாதமொன்றில் 15 செக்கனளவே பிழைக்கும். சான்றிதழ் பெற்ற சுவிஸ் பொறிக் கடிகாரத்திற்கோ நாளொன்றுக்குச் சராசரி 4 செக்கன் பிந்தவும் 6 செக்கன் முந்தவும் இடமுண்டு. ஆட்டச்சக்கரம் இல்லாமையால் குவார்ட்ஸ் கடிகாரம் அதிர்ச்சியையும் நன்கு தாங்கும்.

ஆயினும் அதற்கும் குறையுண்டு. தீர்ந்த மின்கலத்தை அகற்றாதுவிடின் அது கசிந்து உள்ளுறுப்புக்களை அரித்துவிடும். மின்சுற்றுப் பழுதுற்று, மாற்றுப் பாகமுங் கிடையாதெனின், உள்ளிருக்கும் பொறி முழுவதையும் மாற்ற நேரிடும். பொறிக் கடிகாரத்தின் தேய்ந்த உறுப்பையோ தேர்ந்த தொழிலாளி புதிதாகவே ஆக்கிவிடக்கூடும்.

இதற்குச் சான்று நண்பரின் கையிலேயே இருந்தது. அவர் தந்தையார் அணிந்த பழைய சாவிக் கடிகாரம் இன்றும் ஓடுகின்றது. அஃது ஓடுவது விலையினாலன்று, காலந்தவறாத பராமரிப்பினாலேயாம்.

"மகனுக்கு எளிய குவார்ட்ஸ் கடிகாரமொன்று வாங்குங்கள், பாட்டனாரின் கடிகாரத்தை அவனுக்கெனப் பேணி வையுங்கள்" என்றோம். பரீட்சை மண்டபத்திற்கு ஒன்று, பரம்பரைக்கு மற்றொன்று. கடனோ எதற்குமே வேண்டியதில்லை.