மறைத்தால் நீங்கிவிடாது: வேர்ட் கோப்புகளில் தங்கும் திருத்தத் தடங்கள்

லெபனான் முன்னாள் பிரதமர் ரஃபீக் ஹரீரி படுகொலை குறித்து ஐ.நா. விசாரணைக் குழு 2005 அக்டோபரில் அளித்த அறிக்கையின் வேர்ட் கோப்பில், வெளியீட்டுக்கு முன் நீக்கப்பட்ட பெயர்கள் அப்படியே பதிந்திருந்தன. அப்போதைய சிரிய அதிபரின் சகோதரர் பெயரும் அவற்றில் ஒன்று. திருத்தத் தடங்கள் அகற்றப்படாததே இதற்குக் காரணம்.

மைக்ரோசாஃப்ட் வேர்டின் 'ரிவியூ' பகுதியில் உள்ள 'ட்ராக் சேஞ்சஸ்' வசதியை இயக்கினால், சேர்த்தவை, நீக்கியவை, திருத்தியவர் பெயர், நேரம் ஆகியவை பதிவாகும். 'நோ மார்க்அப்' காட்சியைத் தேர்ந்தெடுத்தால் அவை திரையில் மறையுமே தவிர, கோப்பிலிருந்து நீங்கா. ஒவ்வொரு திருத்தத்தையும் ஏற்றாலோ நிராகரித்தாலோதான் தடம் அகலும். கருத்துக் குறிப்புகளைத் தனியே அழிக்க வேண்டும்.

மறுபுறம், இந்தப் பதிவை நிறுத்திவிட்டு ஒருவர் ஒப்பந்தத் தொகையை மாற்றினால் தடமே இருக்காது. அப்போது கைகொடுப்பது 'கம்பேர்' வசதி. நாம் அனுப்பிய கோப்பையும் திரும்பி வந்த கோப்பையும் அளித்தால், வேறுபாடுகளைப் புதிய கோப்பில் அது குறித்துக் காட்டும்; மூலக் கோப்பு மாறாது. இலவச மென்பொருளான லிப்ரேஆபிஸிலும் இவ்வசதி உண்டு.

ஆகவே, கோப்பை அனுப்பும் முன் 'இன்ஸ்பெக்ட் டாக்குமென்ட்' மூலம் சோதிப்பதும், கையெழுத்திடும் முன் மூலத்துடன் ஒப்பிடுவதும் அவசியமாகும்.